தலை வலித்தால் என்ன செய்வீர்கள்?

எனக்குச் சத்தம் ஆகாது மேடம். வீட்டில் மிக்ஸி ஓடினால் மாடிக்குப் போய்விடுவேன். மனைவி கேலி செய்வாள்.

பெரம்பலூர் பக்கம் எங்கள் ஷூ கம்பெனிக்கு ஆளெடுப்பது என் வேலை. முன்பெல்லாம் கேட்டில் கூட்டம் அலைமோதும். மூன்று வருடம் முன்பு சாஃப்ட்வேர் வாங்கினோம். அதுவே போனில் கூப்பிட்டு, தமிழில் கேள்வி கேட்டு, மார்க் போட்டுவிடும். சாதி கேட்காது, சிபாரிசு எடுபடாது. நானும் நிம்மதியாக மதியம் சாப்பிட்டேன்.

அதைப் பழக்க, நல்ல தொழிலாளிகள் இருநூறு பேர் பட்டியலை விற்றவர்கள் கேட்டார்கள். குறை சொல்லிக்கொண்டு என் அறைக்கு வராதவர்களாகப் பார்த்துக் கொடுத்தேன். கேள்விகளும் நான் எழுதியவை. 'வேலையில் தலை வலித்தால் என்ன செய்வீர்கள்?' சாதாரணக் கேள்விதானே.

லப்பைக்குடிக்காடு மர்ஜியாவின் பதில் பதிவில் இருக்கிறது. "ஃபேனப் போடச் சொல்லுவேன். போடலன்னா ஏன்னு கேப்பேன்." இருபத்திரண்டு மார்க்.

தா.பழூர் பூமாலைக்குத் தொண்ணூற்று நான்கு. "பொறுத்துக்குவேங்க. வூட்ல சம்பாதிக்க வேற ஆளு இல்ல."

மர்ஜியா மூன்று தடவை முயன்றுவிட்டு நேரிலேயே வந்தாள்.

"எதுக்குக் கழிச்சீங்கன்னு சொல்லுங்க சார், திருத்திக்கிறேன்."

"கம்ப்யூட்டர் காரணம் சொல்லாதும்மா."

பொய்தான். 'எதிர்த்துக் கேட்பவர்' என்று என் திரையில் வந்திருந்தது. விண்ணப்பித்தவருக்கும் அதைக் காட்டலாம். நான்தான் அணைத்து வைத்திருந்தேன். காட்டினால் எல்லாரும் நடிக்க ஆரம்பித்துவிடுவார்களே. அவள் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தாள், நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். கெட்டிக்காரப் பெண்.

பசை ஒட்டும் பகுதியில் புகையை வெளியேற்றும் ஃபேன் பங்குனியில் பழுதானது. அறுபது பெண்கள், ஒரு புகார் இல்லை. அந்த மாதம் எனக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. பழுதானது தெரியும் மேடம். வாடை என் அறைவரை வரும். ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஆனியில் அங்கே பூமாலை மயங்கி மெஷின்மேல் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் போய்விட்டாள். இன்னும் நான்கு பேருக்கு விரல்கள் மரத்துக் கிடக்கின்றன.

ஆண்டிமடத்தில் கட்டிக்கொடுத்திருந்த அவள் அக்கா பிரவீணா வந்திருந்தாள். அழவில்லை.

"தெனமும் போன் போட்டுத் தலவலின்னு சொன்னாளே சார். ஒங்ககிட்ட சொல்லலியா?"

"சொல்லவே இல்லம்மா," என்றேன். அது உண்மை.

ஆமாம், வாய் திறக்காதவர்களாகத் தேடி எடுத்தேன். தெரிந்தேதான் அந்தப் புகையில் உட்கார வைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பூமாலை வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைக்கே ஃபேனைச் சரிசெய்திருப்பேன்.