அஞ்சு பேரும் ஆஜர்

— இல்ல ஆன்ட்டி, அது என்னோடது. அவன் சிஸ்டம் அந்த ஜன்னல் ஓரம்.

— இதுவா?

— ஆமா. அந்த நாற்காலி வேணாம் ஆன்ட்டி, ஒரு கால் ஆடும்.

— அவன் இதுலதானே உட்காருவான்?

— ம்...

— அப்ப இதுலயே உட்கார்றேன். நீதான் சோடாபுட்டியா?

— வீட்ல சொல்லுவானா?

— வாயைத் திறந்தா நீதான். சோடாபுட்டி இப்படிச் சொன்னான், சோடாபுட்டி அப்படிப் பண்ணான்... நீங்க அவனை எப்படிக் கூப்பிடுவீங்க?

— டாக்டர்.

— டாக்டரா! கம்ப்யூட்டரைத் தவிர எல்லாத்துலயும் கோட்டை விடுறவனையா?

— செத்துப்போன கம்ப்யூட்டரை எல்லாம் அவன்தான்... சாரி ஆன்ட்டி.

— அட, சொல்லுப்பா. அவன் பேரைச் சொன்னாலே எல்லாரும் பேச்சை மாத்துறாங்க. நீயாவது பேசு.

— அவன் சாமானை நானே வீட்டுக்குக் கொண்டு வரணும்னுதான் இருந்தேன்...

— வந்திருக்கலாமே. கம்ப்யூட்டர் கிளப் பசங்க மத்த மூணு பேரும் வந்தாங்க. உன்னை மட்டும் காணோம்.

— காய்ச்சல் ஆன்ட்டி.

— ரெண்டு வாரமாவா? சரி விடு. அவனோடது என்னென்ன இருக்கு?

— ஸ்க்ரூடிரைவர் செட்டு, ஹெட்போன், ரெண்டு நோட்டு. அப்புறம் இந்த ஐடி கார்டு.

— இது ஏன் மானிட்டர்ல தொங்குது?

— நாங்க எல்லாருமே மாட்டிருவோம். கழுத்துல கிடந்தா உறுத்தும்னு. வீட்டுக்குப் போறப்ப மறந்துட்டுப் போயிருவோம்.

— கழுத்துல இருந்திருந்தா பேராவது தெரிஞ்சிருக்கும். புதன்கிழமை, யூனிஃபார்ம் இல்லாம கலர் டிரஸ் வேற. எந்த ஸ்கூல்னும் தெரியல. ராத்திரி ஏழு மணிக்கு நாங்க தேடிக்கிட்டுப் போற வரைக்கும் ஆஸ்பத்திரியில பேரில்லாமலே படுக்க வச்சிருந்தாங்க.

— ...தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம். தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்குக் காலைல அவன் எப்படி இருந்தான்?

— என்னிக்கு?

— அன்னிக்குத்தான்ப்பா. ஸ்கூலுக்கு வந்துட்டு, இடையில வெளிய போனப்ப அடிபட்டுட்டான்னுதானே ஆபீஸ்ல சொல்றாங்க. அட்டெண்டன்ஸ்ல இருக்காமே.

— ஆமா... வந்தான்.

— நீ பார்த்தியா?

— பார்த்தேனே. இங்கதான் இருந்தான்.

— கோபமா இருந்தானா? காலைல வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். 'அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு அழு'ன்னு. தட்டைத் தள்ளி வச்சுட்டுப் போயிட்டான்.

— சேச்சே, கோபமெல்லாம் இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான். என் பன்னைப் பிடுங்கித் தின்னான்.

— தின்னானா? நிஜமா?

— பாதி... பாதிக்கு மேலயே.

— என்னைப் பத்தி ஏதாவது...

— சொன்னான். 'அம்மா செம கடுப்புல இருக்காங்க, சாயங்காலம் போய் ஐஸ் வைக்கணும்'னு.

— இன்னும் சொல்லு.

— அப்புறம்... ஃபேன் சுத்தலன்னு பெஞ்சு மேல ஏறித் தட்டினான். கம்ப்யூட்டர் மிஸ் மாதிரிப் பேசிக் காமிச்சான். நாங்கெல்லாம் விழுந்து விழுந்து...

— நல்லாச் சொல்றப்பா. நாள் பூரா கேட்டுக்கிட்டே இருக்கலாம்.

— ஆன்ட்டி...

— இந்தா, ஆஸ்பத்திரிச் சீட்டு. அவங்க அப்பா கண்ணுல படாம ஒளிச்சு வச்சிருக்கேன். அவனைச் சேர்த்த நேரம் என்ன போட்டிருக்கு, படி.

— எழுத்து சரியாத் தெரியல ஆன்ட்டி.

— அவ்ளோ பெரிய கண்ணாடி போட்டிருக்க. படி.

— எட்டு... அம்பது.

— ஸ்கூல் எத்தனை மணிக்கு?

— ஒம்பது.

— அழாத. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்க. அவன் வந்ததா யார் போட்டது?

— நான்தான்... நான்தான் ஆன்ட்டி. கிளப்ல அது ஒரு வழக்கம். எங்க அட்டெண்டன்ஸை நாங்களே இங்க போட்டுக்கலாம். முதல்ல வர்றவன் ஃபேனைப் போடணும், அஞ்சு பேருக்கும் டிக் போடணும். எப்படியும் வந்துருவாங்கல்லன்னு...

— எதுக்குப்பா அப்படி?

— வரலைன்னா ஒம்பதரைக்கு வீட்டுக்கு மெசேஜ் போயிரும். அந்த புரோகிராமை எழுதினதே நாங்க. எங்க வீட்டுக்கே மெசேஜ் போனா கேவலம்னு...

— அவனும் போடுவானா?

— ரூலைக் கொண்டு வந்ததே அவன்தான். ஆனா அன்னிக்கு முதல்ல வந்தது நான். நான் டிக் போடலைன்னா ஒம்பதரைக்கே நீங்க ஓடியிருப்பீங்க. மூணு மணி வரைக்கும் உசிரோட இருந்தானாமே ஆன்ட்டி... கூட யாருமே இல்லாம... எனக்குத் தூக்கமே வரல. ஹெச்செம்கிட்ட போய்ச் சொல்லிடறேன். அங்கிள்கிட்டயும் சொல்லிடறேன்.

— அவர்கிட்ட சொல்லாத.

— பரவால்ல, அடிக்கட்டும். நாலு அடி வாங்கினாலாவது...

— உனக்காகச் சொல்லலடா. நீ சொன்னா அவர் ஸ்கூல்ல ஒவ்வொண்ணா நோண்டுவார். அன்னிக்குப் பையனைக் கேட்டு ஸ்கூலுக்கு யார் போன் பண்ணா, எத்தனை மணிக்குப் பண்ணான்னு.

— யார்... யார் பண்ணா?

— நான்தான். மணி பத்து இருக்கும். கம்பெனியில தையல் மெஷின்ல உட்கார்ந்திருந்தேன். எங்க தெரு பேக்கரிக்காரர் போன்ல கூப்பிட்டார். 'ஒரு பையன் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்கம்மா, ரோட்ல கிடக்கிற சைக்கிளைப் பார்த்தா உன் பையனோடது மாதிரி இருக்கு, எதுக்கும் போய்ப் பார்த்துரு'ன்னார். ஸ்கூலுக்குப் போட்டேன். 'வந்திருக்கான்மா'ன்னாங்க. ஆஸ்பத்திரி எங்க கம்பெனியிலேர்ந்து ரெண்டே தெருதான். ஒரு எட்டு போயிருக்கலாம்... போகல. 'அது என் பையன் இல்லீங்க'ன்னு அவர்கிட்ட சொல்லிட்டு, எவ பெத்த புள்ளையோன்னு உச்சுக் கொட்டிட்டு, மறுபடியும் தைக்க உட்கார்ந்துட்டேன்.