பன்னிரண்டு பூம்பனிப் பெட்டிகள்

— மொகத்தத் திருப்பு.

— எதுக்கு மதினி? செல்லு பாத்துக்கிட்டு இருக்கேன்ல...

— செல்லு எங்கனயும் ஓடிப் போகாது. சன்னல் பக்கம் திரும்பு, சினேகா. இது என்ன, கன்னத்துல தோலு உரிஞ்சு கெடக்கு?

— வெயிலு.

— வெயிலா? காலைல கம்பெனி வண்டில ஏறுற, நேரா பேக்கிங் செட்டுக்குள்ள போய் பட்டாசுப் பெட்டி அடுக்குற, சாயங்காலம் அதே வண்டில வாசல்ல எறங்குற. ஒன்னைய எந்த வெயிலு பாத்துச்சு?

— ஆத்தாடி... அழகுமீனா மதினி எப்ப போலீசுல சேந்தாக? எங்க அண்ணன் சொல்லவே இல்லையே.

— சிரிக்காத. வெள்ளிக்கெளம சாத்தூர்க்காரக ஒன்னையப் பொண்ணு பாக்க வாராக. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா காப்பித்தட்டு தூக்குவ?

— அதுக்குள்ள சரியாயிரும். ரெண்டு நேரம் பூசுறத மூணு நேரமாக்கினாப் போச்சு.

— எத?

— ம்...?

— எதப் பூசுறன்னு கேட்டேன்.

— என் ஸ்டேட்டசப் பாக்கலையா நீங்க? ‘நான் திரும்பத் திரும்ப வாங்கும் அஞ்சு அழகுப் பொருட்கள்’. நூத்திப் பதினேளு பேரு பாத்துட்டாக. வீட்டுக்குள்ள இருக்கவுக மட்டும் பாக்கல.

— பாத்தேன். பாத்துட்டுத்தான் வந்து ஒக்காந்திருக்கேன்.

— அப்பச் சொல்லுங்க, மொதலு என்ன?

— தேங்கா எண்ணெய். அது ஒரு அழகுப் பொருளாக்கும்?

— பேன்சி வெடி அடுக்குனா கையெல்லாம் வெள்ளி மருந்து அப்பிக்கிரும். எந்தச் சோப்புக்குப் போகுது? எண்ணெயப் போட்டுத் தேச்சாத்தான் கை கையா இருக்கும். எங்க செட்டுல அம்புட்டுப் பேரும் அதுக்குத்தான் ஹார்ட்டு போட்டாக. ரெண்டாவது கத்தாள ஜெல்லு. மூணாவது ரோஸ் வாட்டரு. நாலாவது லிப்பாமு... அது ஒங்களுக்கே நல்லாத் தெரியும்.

— எனக்கு எப்படித் தெரியும்?

— என் பையிலருந்து எடுத்துப் பூசுறவுகளுக்குத் தெரியாதா? நான் நுனியில தொடுவேன். நீங்க தோசைக்குச் சட்னி எடுக்குற மாதிரி தோண்டிப்புடுறீக.

— சரி, சரி... ஒருநா ஒதடு வெடிச்சிருந்துச்சு. அஞ்சாவதச் சொல்லு.

— பூம்பனி கிரீமு. மத்த நாலும் இல்லாட்டியும் இருந்துருவேன் மதினி, இது இல்லாம முடியாது. மூணு மாசத்துல எம்புட்டு வெளுத்துட்டேன்னு பாருங்க.

— வெளுக்கல புள்ள, வெந்து போயிருக்க. அதப் பூசாத.

— ஏன்?

— பூசாதன்னா பூசாத.

— போன தடவ ராஜபாளையத்துக்காரக என்ன சொல்லிட்டுப் போனாக? கேசரி தட்ட வச்சுக்கிட்டு நீங்களுந்தான நின்னீக. ‘பொண்ணு நல்ல பொண்ணு, நெறந்தான் கொஞ்சம் மங்கல்’னாக. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. ஒங்களுக்கு அது மறந்திருக்கும், எனக்கு மறக்கல.

— மறக்கல... அன்னைக்கு நானுந்தான் சாப்பிடல. டப்பாவ எடு, பாப்போம்.

— தீந்துபோச்சு.

— பெட்டி இருக்கும்ல? நீதான் எந்தப் பெட்டியையுந் தூரப் போட மாட்டியே. அலமாரில சேல மடிப்புக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்க. பன்னெண்டு இருக்கு.

— என் அலமாரியத் தொறந்தீகளா?

— சேலை எடுக்கத் தொறந்தேன்.

— என் அலமாரில ஒங்க சேலை எதுக்கு இருக்கு?

— பேச்ச மாத்தாத. மூணு மாசத்துல பன்னெண்டு டப்பா. ஒத்த மூஞ்சிக்கு மாசம் நாலா? யாருக்குக் குடுக்குற?

— யாருக்கும் இல்ல. களுத்துக்கும் பூசுறேன்... கைக்கும் பூசுறேன்...

— கை அப்படியேதான இருக்கு.

— மதினி, ஒங்களுக்கு என்ன வேணும் இப்ப?

— எந்தக் கடையில வாங்குன?

— திருத்தங்கல்ல... பஸ் ஸ்டாப்புப் பக்கம். பேரு... வாயில வரமாட்டேங்குது.

— பன்னெண்டு தடவ போன கடைக்குப் பேரு தெரியாது. ம்?

— சரி, கடையில இல்ல. எங்க வண்டில வர்ற செல்லத்தாயி அக்காகிட்ட. கட்டப்பையில நைட்டி, கிளிப்பு எல்லாங் கொண்டாருவாக. கடையவிடக் கொறச்ச வெல. அது ஒரு குத்தமா?

— செல்லத்தாய்க்கு யாரு குடுக்கா?

— அத நான் எதுக்குக் கேக்கப் போறேன்? நீங்க கேக்குற கேள்வியப் பாத்தா, சாத்தூர்க்காரக எனக்கு அமையக் கூடாதுன்னு நெனைக்கீகளோன்னு இருக்கு.

— வாயக் களுவு. இந்தா, ஒன் அலமாரிலருந்து எடுத்த பெட்டி, பிடி. இங்கன, தாமரைப் பூ ஓரத்துல... என்ன தெரியுது?

— பூ தெரியுது.

— கண்ணத் தொறந்து பாரு புள்ள. ரோஸ் கலரு கோட்டத் தாண்டி ஒரு நூலு வெளிய வந்திருக்கா?

— ஆமா... இம்புட்டூண்டு. அதனால என்ன?

— அச்சு வெலகிருச்சு. இது எங்க பிரஸ்ல அடிச்ச அட்டைச் சீட்டு. இப்படி வந்தா வேஸ்ட்டுன்னு தனியா ஒதுக்கிருவோம். ஆர்டர் குடுத்தவுக ஏத்துக்கிற மாட்டாக. அந்தச் சீட்ட கட்டிங் மிசின்ல குறுக்க வெட்டித்தான் எடைக்குப் போடணும். முளுசா வெளிய போகக்கூடாது. போச்சுன்னா எவனாச்சும் பெட்டியா மடிச்சு, உள்ள கண்டதையும் ரொப்பி வித்துருவான்.

— அப்படின்னா... இது டூப்ளிகேட்டா?

— இன்னையோட நிப்பாட்டு. நாளைக்கு விருதுநகர் போய் தோல் டாக்டர்ட்டக் காட்டுவோம்.

— இருங்க. இங்கன தெருவுக்கு ஒரு பிரஸ் இருக்கு. இது ஒங்க பிரஸ் சீட்டுன்னு எப்படி அம்புட்டு உறுதியாச் சொல்றீக?

— எனக்குத் தெரியும்.

— அதான் எப்படின்னு கேக்கேன்.

— செக்கிங்ல எட்டு வருசமா இருக்கேன். தெரியாதா?

— அப்ப இத ஒதுக்குனது நீங்களா?

— செக்கிங்ல நாலு பேரு இருக்கோம்.

— நாலு பேர்ல யாரு?

— ...எவளோ.

— வெட்டாம வெளிய விட்டது?

— அது எனக்கு எப்படித் தெரியும்?

— எல்லாந் தெரிஞ்ச ஒங்களுக்கு அது மட்டுந் தெரியாதா? மதினி... போன மாசம் ஒங்களுக்குன்னு ஒரு டப்பா கொண்டாந்து நீட்டுனேன். கையில வாங்கக்கூட இல்ல. எனக்கு ஒத்துக்காதுன்னீக. தொறந்து பாக்காமலே எப்படித் தெரிஞ்சுச்சு?

— எனக்கு எந்தக் கிரீமும் ஒத்துக்காது.

— லிப்பாமு மட்டும் ஒத்துக்கிருமோ? அன்னைக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

— இல்ல. கடையில வாங்குன ஒரிஜினல்னுதான் நெனச்சேன்.

— நெனச்சீகளா, அப்படி இருந்துட்டா நல்லாருக்கும்னு நெனச்சீகளா?

— சினேகா, சத்தம் போடாத...

— ஞாயித்துக்கெளமை ஓ.டி.ன்னு எங்க போறீக?

— பிரஸ்ஸுக்கு.

— போன ஞாயிறு நான் பஸ்ஸுல அந்த வளியாத்தான் போனேன். கேட்டு பூட்டிக் கெடந்துச்சு.

— பின்பக்க கேட்டு தொறந்திருக்கும்.

— பின்பக்கம் வெறும் செவரு. நான் பாக்காம பேசல.

— பாண்டிச்செல்வத்துகிட்ட... ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லிட்டியா?

— சொல்லல. வேற என்னமோன்னு நெனச்சு எனக்குள்ளயே வச்சுப் புளுங்கிக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கெளமை நீங்க வந்தா ஒங்க மேல ஒரு வாசம் வரும். யாரோட செண்டோன்னு நெனச்சு ஒங்க பக்கத்துலகூட வரமாட்டேன்.

— சீ! என்ன நெனப்பு புள்ள அது?

— அந்த வாசந்தான் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு மதினி. மோந்து பாருங்க.

— வேணாம்... தள்ளி வையி.

— மோந்து பாருங்கன்றேன்ல.

— கதவச் சாத்து. பாப்பா டியூசன் விட்டு வந்துரும்.

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— ஆமத்தூருக்கு உள்ள தள்ளி ஒரு பளைய தீப்பெட்டி ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. அங்கன வச்சுத்தான் ரொப்புறாக. பாலகுருன்னு ஒருத்தரு நடத்துறாரு. மொதல்ல, சீட்ட வெட்டாம மட்டும் விடு, காசு தாரேன்னாரு. விட்டேன்... அப்புறம் ஞாயித்துக்கெளமை வந்து பெட்டி ஒட்டிக் குடுன்னாரு. ஒட்டுனேன். அப்புறம்...

— அப்புறம்?

— டப்பாவுல ரொப்பவும் ஆள் பத்தலன்னாரு.

— ரொப்புனீக.

— ரொப்புனேன்.

— உள்ள என்ன இருக்கு மதினி?

— சாதா கோல்டு கிரீமுதான்... அதுல ஒரு வெள்ளப் பொடி போடுவாக.

— என்ன பொடி?

— எந்தச் சாமி மேல வேணாலும் சத்தியம் பண்றேன், எனக்குத் தெரியாது. மூட்டைல பேரே இருக்காது. கையுறை மாட்டிக்கிட்டுக் கலக்குங்கன்னு மட்டும் சொல்லுவாக.

— கையுறை மாட்டிக்கிட்டுக் கலக்குறதையா நான் மூஞ்சில பூசுனேன்?

— வெளியூருக்குத்தான் போகும், நம்ம பக்கம் ஒரு டப்பாகூட விக்க மாட்டோம்னாக...

— வெளியூர்க்காரிக்கு மூஞ்சி இல்லையா?

— இருக்கு... இருக்கு புள்ள. அதை நெனைக்காம இருந்தேன். நெனச்சா அடுத்த ஞாயிறு போக முடியாதுன்னு நெனைக்காம இருந்தேன். நேத்து ஒன் ஸ்டேட்டஸ்ல அந்தப் பெட்டியப் பாத்ததும் ஓடிப்போய் ஒன் அலமாரியத் தொறந்துட்டேன்.

— அதுக்குத்தான் பன்னெண்டையும் எண்ணுனீகளா?

— எண்ணுனேன். பன்னெண்டுலயும் பூ வெலகியிருந்துச்சு. ஒன்னாவது ஒரிஜினலா இருக்காதான்னு ஒவ்வொன்னாப் பாத்தேன்... ஒன் காலுல வேணாலும் விளுறேன். சாத்தூர்க்காரகட்ட நானே பேசி ஒரு மாசந் தள்ளிப் போடுறேன். பாலகுருகிட்ட இனிமேப் போக மாட்டேன். காலைல லீவு சொல்லிட்டு மொத பஸ்ஸுல டாக்டர்ட்டப் போவோம். ஒன் ஒருத்தியோட நின்னுச்சே, அதுவரைக்கும்...

— என் ஒருத்தியோட நிக்கல மதினி.

— அதான... அப்பமே கேட்டேன்ல! ஒங்க செட்டுல யாருக்குக் குடுத்த? பேரச் சொல்லு, அவுகளையும் கூட்டிக்கிட்டுப் போயிருவோம். ஏன் அளுகுற? அளாமச் சொல்லு புள்ள... யாரு?

— பள்ளிக்கூடத்துல கருப்பி, கருப்பின்னு கூப்பிடுறாக அத்தைன்னு அளுதா... அம்மாட்டச் சொல்லிராதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா... நீங்க ஏளு மணிக்கெல்லாம் பிரஸ்ஸுக்குக் கெளம்பிருவீக... தெனமும் காலைல தல சீவி விட்டுட்டு ஒங்க மகளுக்கும் நான்தான் மதினி பூசி விடுறேன்.