கரண்டு கம்மியாத்தான் கீது

மல்டிமீட்டரை நான் யாருக்கும் இரவல் தருவதில்லை. வாங்கிப் போகிறவர்கள் ஃப்யூஸை எரித்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு திருப்பித் தருவார்கள். ஆனால் வல்லரசு கேட்டபோது மீட்டரை எடுத்துக்கொண்டு நானே அவன் வீட்டுக்குப் போனேன். என் இளகிய மனசை நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும் சார்.

காலடிப்பேட்டையில் எனக்கு டிவி ரிப்பேர் கடை. வல்லரசு பள்ளிக்கூடத்துத் தோழன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலைக்கு இருவருமே மனுப் போட்டோம். இருந்தது ஒரே இடம், அது அவனுக்குப் போனது. திங்கட்கிழமை கண் பரிசோதனை மட்டும் பாக்கி. அதில் அவன் தேறாவிட்டால் அடுத்த ஆள் நான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. தெருவுக்கே லட்டு கொடுத்த அவன் அம்மா சுகிர்தம், எனக்கு மட்டும் இன்னொன்று சேர்த்துக் கொடுத்தார். எவ்வளவு அன்பு பாருங்கள்.

தங்கை எழில்மொழியின் கல்யாண மேடையில் சிவப்பு லேசர் அடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்து லேசர் டயோடை எடுத்து, அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டையும் தானே பற்றவைத்திருந்தான். எரியத்தான் செய்தது. சுவரில் விழுந்த சிவப்பு மட்டும் அணையப்போகிற ஊதுவத்தி அளவுதான்.

“இன்னா மாமு, கரண்டு பத்தலியா? கொஞ்சம் பாரேன்.”

அளந்தேன். கரண்ட் சரியாகவே இருந்தது. அந்த ரைட்டருக்குள் இரண்டு டயோடுகள் இருக்கும். டிவிடி எழுதுவது நல்ல சிவப்பு. சிடி எழுதுவதன் ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, ஆனால் கண்ணைப் பொசுக்கிவிடும். நம் விஞ்ஞானி இரண்டாவதை மாட்டியிருந்தார். சந்தேகம் வேண்டாமே என்று, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியையும் பிடித்துவிடும் என் கேமரா போனில் சுவரைப் பார்த்தேன். மங்கலான அந்தப் புள்ளி போனில் வெள்ளைவெளேரென்று எரிந்தது. போனை மடித்துப் பையில் போட்டேன்.

“இன்னாத்த பாத்தே?”

“மணி பாத்தேன். கரண்டு கம்மியாத்தான் கீது. ஏத்து.”

கரண்ட் ஏற்றும் திருகைத் திருப்பியது அவன் கை. நான் போர்டைத் தொடக்கூட இல்லை. அப்போதும் மங்கல்தான். லென்ஸில் அழுக்கு இருக்கும், கிட்ட வைத்துப் பார் என்றேன். வலது கண்ணை வைத்தான். வலி கிடையாதே, பாவம், எடுக்கவே இல்லை.

“ஒன்னும் தெர்ல மாமு.”

“அந்தக் கண்ணால பாரு நைனா.”

பார்த்தான்.

திங்கட்கிழமை பலகையின் ஓரம் தெரிந்ததாம், நடுவில் இருந்த எழுத்துகளைத்தான் காணோமாம். திருஷ்டி பட்டுவிட்டது என்று சுகிர்தம் அம்மா அழுதார். சுற்றிப்போட நான்தான் பூசணிக்காய் வாங்கிக் கொடுத்தேன். கண் டாக்டர் மட்டும் லேசர் என்று சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிக் கூட்டிவந்திருக்க மாட்டீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன், தெரிந்தேதான் செய்தேன். ஒரு கண் போனாலே அவன் தேறமாட்டான் என்பதும் தெரியும். பிறகு எதற்கு இரண்டாவது கண் என்கிறீர்கள். நான் மேலே உட்கார்ந்து ஓட்டுவதை அவன் கீழேயிருந்து பார்த்தால் மனசு கஷ்டப்படாதா சார். எவ்வளவு நாள் சிநேகிதம்.