ஒரு டப்பா குக்கி மாவு

— அப்புறம்?

— அலாரம் அடிக்கும். அணைப்பேன். பல் தேய்ப்பேன்.

— சரி, அப்புறம்?

— பாலை அடுப்புல வைப்பேன். பக்கத்துலயே நிப்பேன். பொங்கும். அடுப்பைத் துடைப்பேன். இந்தக் கட்டடத்துலயே சுத்தமான அடுப்பு என்னுதுதான், மச்சான்.

— மேல சொல்லு.

— வழிஞ்சது போக மிச்சம் இருக்கிற பால்ல காபி போடுவேன். குடிப்பேன். ஃப்ரீசரைத் திறப்பேன். பார்ப்பேன். மூடுவேன். சட்டையை மாட்டிக்கிட்டு ஆபீஸ் போவேன்.

— நில்லு நில்லு. ரிவர்ஸ் எடு. ஃப்ரீசரை எதுக்குத் திறக்கறே?

— டப்பா இருக்கான்னு பார்க்க.

— எங்க போயிடும்? அதுக்கென்ன கால் முளைச்சிருக்கா?

— எங்கயும் போகாது. அதனாலதான் பார்க்கறேன்.

— இதை எப்படி மாப்ள நான் அம்மாகிட்ட போய்ச் சொல்றது? என் தங்கச்சி போனதுலேர்ந்து அவங்களுக்கு உன் கவலைதான். "மாப்பிள்ளை காலையில எந்திரிச்சு என்ன பண்றாரு, கேட்டுட்டு வா"ன்னு சொல்லி விட்டிருக்காங்க. தினமும் ஃப்ரீசரைக் கும்பிடறாருன்னா சொல்லமுடியும்?

— பல் தேய்க்கறேன்னு சொல்லுங்க. அது நிஜம்.

— சரி, அதை விடு. ஃபோன்ல ஏதோ அவசரம்னியே. டிரைவிங் கிளாஸைப் பாதியில நிறுத்திட்டு வந்திருக்கேன். அந்தம்மா இன்னிக்குத்தான் முதல் தடவையா மூணாவது கியர் போட்டாங்க. சந்தோஷத்துல பிரேக்கை மறந்துட்டாங்க. நான் என் பக்கத்து பிரேக்கை மிதிச்சு மிதிச்சு முழங்காலே போச்சு.

— ஐஸ் பெட்டி கொண்டாந்தீங்களா?

— வாசல்ல இருக்கு. மீன் வாங்கப் போற பெட்டி. நாறினா என்னைக் கேட்காதே. எதுக்கு அது?

— ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு.

— எப்படி?

— நான்தான் கொன்னேன். கத்தியால குத்தி.

— என்னது?

— தினமும் திறந்துக்கிட்டு நின்னதுல உள்ள ஐஸ் ஏறிடுச்சு. டப்பாவைச் சுத்தி ஏறி, மூடிமேலயும் ஏறிடுச்சு. இப்படியே போனா டப்பாவே கண்ணுல படாதுன்னு பயம் வந்துடுச்சு. காய் நறுக்கற கத்தியை எடுத்துக் குத்தினேன். ரெண்டு குத்துல ஐஸ் வந்துச்சு. மூணாவது குத்துல புஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு வந்துச்சு.

— குழாயை ஓட்டை போட்டுட்டே.

— ஆமா. மெக்கானிக் வந்து பார்த்தான். கேஸ் பூரா வெளிய போயிடுச்சு, புதுசு வாங்கிக்கறது நல்லதுன்னான். போறப்ப, "ஏன் சார், கூடவே ஒரு புஸ்தகம் குடுத்திருப்பாங்களே, அதைப் படிக்கறதில்லையா"ன்னு கேட்டான்.

— நியாயமான கேள்விதானே. படிக்கலையா?

— அந்தப் புஸ்தகத்தை எழுதினதே நான்தான், மச்சான்.

— போடா.

— வேறென்ன வேலை பார்க்கறேன்னு நினைச்சீங்க? மிக்சி, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், எல்லாத்துக்கும் மேனுவல் நான்தானே எழுதறேன். "கூர்மையான பொருள்களால் பனிக்கட்டியை அகற்ற முயல வேண்டாம்." பக்கத்துல ஒரு கத்திப் படம், அதுமேல குறுக்கால ஒரு கோடு. கோடு மெல்லிசா இருக்கு, எவனாவது முட்டாள் கவனிக்காமப் போயிடுவான்னு தடிமனாப் போடச் சொன்னதும் நான்தான்.

— மாப்ள, நான் சிரிக்கலாமா?

— சிரிங்க. மெக்கானிக்கே சிரிச்சுட்டுத்தான் போனான்.

— ம்... சரி. இப்ப நான் என்ன பண்ணணும்?

— டப்பாவை ஐஸ் பெட்டியில வச்சு, எடுத்துட்டுப் போய் உங்க வீட்டு ஃப்ரீசர்ல வைங்க.

— திறந்து பார்த்தியா? எந்த நிலைமையில இருக்கு?

— நான் திறக்கலை. நீங்க திறங்க.

— ஏன், உனக்குக் கை இல்லையா? சரி, நகரு... அடேயப்பா, வாசனை. பட்டை போட்டிருக்கா. உருண்டை உருண்டையா பிடிச்சு வச்சிருக்காளே. இது என்ன, ஆரஞ்சு கலர்ல?

— ஆப்ரிகாட். உலர்ந்தது. அப்புறம் திராட்சை, பாதாம், வால்நட். மிச்சமெல்லாம் ஓட்ஸும் வெண்ணெயும்.

— ஓட்ஸ் பிஸ்கட் மாவு.

— குக்கி. பிஸ்கட்னா சண்டைக்கு வருவா. கடையில பாக்கெட்ல விக்கறதுதான் பிஸ்கட், வீட்ல செய்யறது குக்கின்னு சட்டம் வச்சிருந்தா.

— தெரியும். சின்ன வயசுலயே அவளோட சட்டத்துக்கு நான் ஃபைன் கட்டியிருக்கேன். எப்பப் பிசைஞ்சா இதை?

— ஆபரேஷனுக்கு முந்தின நாள். பித்தப்பையில கல்லு, எடுத்துட்டு மறுநாள் வந்துடப்போறேன், வந்ததும் சூடா சுடலாம்னா. டாக்டர் கொஞ்ச நாளைக்கு வெண்ணெய் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. "நான் வாசனை பிடிச்சுக்கறேன், நீ தின்னு"ன்னா.

— மறுநாள் வந்துடறேன்னு போனா.

— ம்.

— மாப்ள, ஒவ்வொரு உருண்டையிலயும் நடுவுல ஒரு குழி இருக்கே.

— அவ கட்டைவிரல். உருண்டை பிடிச்சதும் ஒரு அமுக்கு அமுக்குவா. அது எதுக்குன்னு கேட்டதில்லை.

— இங்க பாரு. ஓரமெல்லாம் இளகிப்போச்சு. எங்க வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள களியாயிடும். அதுல முட்டை வேற இருக்கு. திரும்ப உறைய வச்சாலும் அப்புறம் யாரும் வாயில வைக்கமுடியாது.

— வாயில வைக்க வேண்டாம். இருந்தாப் போதும்.

— இருக்காதே! அதைத்தானே சொல்றேன். வச்சிருந்தா நாளைக்குக் குப்பைத்தொட்டி. சுட்டா ஆளுக்கு நாலு வாய். மூணாவது ரோடு கிடையாது.

— எனக்குத் திராட்சை பிடிக்காது.

— மாப்ள.

— ஓவனை நான் தொட்டதே இல்லை.

— மாப்ள.

— சுட்டா உருண்டை பரவிடும். குழி போயிடும்.

— போயிடும்தான். குப்பையில போட்டா மட்டும் இருக்குமா?

— ...சரி. ஆனா நீங்க சுடுங்க.

— நானா? எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும், அவ்வளவுதான். அதுலயும் சில சமயம் ஓடு உடைஞ்சிடும். சரி, ஓவனைப் போடு. எவ்வளவு சூடு வைக்கணும்?

— அந்தத் திருகுல நம்பரெல்லாம் அழிஞ்சுபோச்சு. சிவப்பா ஒரு புள்ளி இருக்கு பாருங்க. அவ நெயில் பாலிஷ் வச்சது. அதுக்கு நேரா திருப்பணும்.

— திருப்பியாச்சு. வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. தட்டு எங்க?

— தேடறேன்... இங்க இல்லை... அலமாரியிலயும் இல்லை.

— மாப்ள, ஏதோ கருகற வாசனை வருது.

— இன்னும் ஒண்ணுமே வைக்கலையே.

— ஓவனுக்குள்ள பார்த்தியா?

— இருங்க, திறக்கறேன்.

— என்ன இருக்கு?

— தட்டு இருக்கு. ரெண்டு வாணலி இருக்கு. ஒரு மூடியும் இருக்கு. அதோட பிளாஸ்டிக் பிடிதான் இப்ப இல்லை. ஓவனுக்குள்ளதான் பாத்திரம் அடுக்கி வைப்பா, மறந்துட்டேன்.

— கண்ணாடியைப் பார்க்காம வண்டியை எடுக்காதேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறேன். சொந்தக்காரனுக்குச் சொல்ல மறந்துட்டேன். ஜன்னலைத் திற.

— "முதல் பயன்பாட்டுக்கு முன் உள்ளே உள்ள பொருள்களை அகற்றவும்." இதையும் நான் எழுதியிருக்கேன்.

— உன்னோட புஸ்தகத்தை எல்லாம் உனக்கு யாராவது பரிசாக் குடுக்கணும். தட்டைக் கழுவிட்டியா? சரி, உருண்டையை எடுத்து வை.

— நீங்க வைங்க. எனக்குக் கை ஈரமா இருக்கு.

— துண்டு இருக்கே.

— நீங்களே வைங்க, மச்சான்.

— ராஜா வீட்டுக் கல்யாணம் மாதிரி வேடிக்கை பார்க்கறான்யா. இந்தா, வச்சுட்டேன். கதவை மூடு. எவ்வளவு நேரம் ஆகும்?

— தெரியாது. அவ கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டே நிப்பா. சமயத்துல வாசனையை வச்சே அடுத்த ரூம்லேர்ந்து ஓடி வருவா.

— அப்ப நிப்போம்.

— நிப்போம்.

— ...அம்மா இன்னும் வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க, மாப்ள. ஆபரேஷன் ரூமுக்குள்ள போறப்ப அவ உன்கிட்ட, "எங்கம்மாவை நல்லா பார்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டுப் போனாளாம். சொல்றப்பவே கண்ணுல தண்ணி வந்துடும். அதைச் சொன்னாத்தான் அன்னிக்குச் சோறு இறங்குது அவங்களுக்கு.

— ம்.

— நான் ஒண்ணும் சொல்றதில்லை.

— என்ன சொல்றதுக்கு இருக்கு?

— அன்னிக்குக் காலையில கூட அவளும் அம்மாவும் ஃபோன்ல கத்திக்கிட்டாங்க. நானும் கூடவே இருந்தேனே. அவ உன்கிட்ட எப்பவாவது "பார்த்துக்கோங்க"ன்னு மரியாதையாப் பேசிக் கேட்டிருக்கியா?

— மச்சான், புகை.

— எங்க? ஐயய்யோ, கதவைத் திற, திற! துணியைக் குடு!

— இந்தாங்க.

— ...என்ன மாப்ள இது? தட்டு நிறைய உருண்டை வச்சேன். ஒரே ஒரு பிஸ்கட் வந்திருக்கு.

— குக்கி.

— ஒரே ஒரு குக்கி. தட்டு அளவுக்கு. எல்லாம் பரவி ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சு.

— முன்னால போற வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விடணும்னு டிரைவிங் ஸ்கூல்காரருக்குத் தெரியாதா?

— அட, பேசறியே! சுரண்டு, சுரண்டு. அடி கரி, மேல பச்சை. ஆனா நடுவுல ஒரு துண்டு தேறும் போலிருக்கு. இந்தா.

— வேண்டாம். அடுத்த தட்டு நல்லா வரட்டும்.

— சரி, இந்தத் தடவை தள்ளித் தள்ளி வைப்போம். நீ வை, நான் இதைச் சுரண்டறேன்.

— சுரண்டறதை நான் பண்றேன். நீங்க வைங்க.

— உனக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு? அந்த டப்பா பக்கமே வரமாட்டேங்கறே.

— சூடு ஆறிடும், வைங்க மச்சான்.

— வச்சாச்சு. இப்ப பேச்சு கிடையாது. ரெண்டு பேரும் கண்ணாடியைப் பார்க்கறோம்.

— ஓரம் நிறம் மாறுது.

— எடுக்கலாமா?

— வாசனை இன்னும் வரலை. கொஞ்சம் பொறுங்க... இப்ப. இப்ப எடுங்க.

— ஆகா. பார்த்தியா? தனித்தனியா, அளவா, கடையில வச்சாக்கூட போணியாகும். ஊதித் தின்னு, நாக்கு வெந்துடும். எப்படி இருக்கு? இரு, நானும் தின்னு பார்க்கறேன். ம். வால்நட் கடிபடுது. அந்த ஆரஞ்சு சமாச்சாரம் புளிப்பா, நல்லாயிருக்கு. உப்பு கொஞ்சம் தூக்கல். அவளுக்கு எப்பவும் உப்புல கை தாராளம். மாப்ள, நீ என்ன பண்றே?

— திங்கறேன்.

— தட்டு ஓரத்துல என்ன வரிசை?

— திராட்சை. பொறுக்கி வைக்கறேன்.

— எதுக்கு?

— பழக்கம். நான் பொறுக்கி வைப்பேன், அவ எடுத்துத் தின்னுக்கிட்டே திட்டுவா. திட்டறதுக்கு வசதியா கொஞ்சம் அதிகமாவே போடுவான்னு நினைக்கறேன்.

— இப்படித் தள்ளு. நான் திங்கறேன். திட்டணுமா?

— வேண்டாம். உங்களுக்கு வராது.

— வராதுதான்... மாப்ள, டப்பாவுல இன்னும் ஒரே ஒரு உருண்டை இருக்கு. தட்டுல இடமில்லைன்னு விட்டுட்டேன்.

— இருக்கட்டும்.

— இருக்கட்டும்னா? ராத்திரிக்குள்ள புளிச்சுடும். ஓவன் சூடா இருக்கு. இந்த ஒண்ணை நீ வை.

— நீங்க வைங்க.

— மாட்டேன். வந்ததுலேர்ந்து பார்க்கறேன். ஓவனைத் துடைக்கறே, தட்டைக் கழுவறே, கரியைச் சுரண்டறே. இந்த மாவை மட்டும் ஒரு விரலால கூடத் தொடலை. கத்தியால ஃப்ரிட்ஜையே குத்தின ஆளு, ஒரு உருண்டையைத் தொடப் பயப்படறியா?

— பயமில்லை.

— பின்னே? அவ விரல் தடம் போயிடுமேன்னா? எப்படியும் போகத்தானே போகுது. உன் கையால போகட்டும்.

— அதுவும் இல்லை, மச்சான். அவ எதைச் சொன்னாலும் நான் கேட்டதில்லை. குழாய் சொட்டுது, ஆளைக் கூப்பிடுன்னா. கூப்பிடலை. இன்னும் சொட்டுது, கேட்குதா? ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதேன்னா. இன்னிக்குக் காலையில கூட போட்டிருக்கேன். போய்ப் பாருங்க. மாசம் ஒரு தடவை ஃப்ரீசரை அணைச்சு ஐஸை இளக விடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. அதுக்குத்தான் இன்னிக்கு நீங்க மீன் பெட்டியோட வந்திருக்கீங்க.

— அதுக்கும் இந்த உருண்டைக்கும் என்ன சம்பந்தம்?

— ஒரே ஒரு பேச்சைத்தான் கேட்டேன். இன்னிக்கு வரைக்கும்.

— எந்தப் பேச்சை?

— உங்கம்மாகிட்ட நான் சொன்னேனே, கடைசியா அவ சொன்னதா. அது நான் கட்டினது. அவங்க ஆஸ்பத்திரி வராந்தாவுல என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "என்ன சொன்னா, என்ன சொன்னா"ன்னு கேட்டாங்க. ஏதாவது எழுதித் தர வேண்டியிருந்துச்சு.

— நினைச்சேன். மேனுவல் மாதிரிதான் இருந்துச்சு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். சோறு இறங்கட்டும்... அப்ப நிஜமா என்னதான் சொன்னா?

— ஸ்ட்ரெச்சர் வண்டியில படுத்திருந்தா. தள்ளிக்கிட்டுப் போறாங்க. நானும் கூடவே நடந்தேன். கதவுகிட்ட வந்ததும் என் கையை விட்டா. தலையைத் தூக்கி, "ஃப்ரீசர்ல மாவு இருக்கு. நீ கை வைக்காதே. நான் வந்து சுடறேன்"ன்னா.