வெறுங்கால் உயரம்

— ம்... மூச்சை இழுங்க. இன்னும்... இன்னும்... அப்படியே பிடிச்சுக்கங்க!

— ...

— நான் சொன்னாத்தான் விடணும்.

— ம்ம்ம்... ம்ம்ம்ம்!

— விடுங்க! ஐயோ, மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு.

— எக்ஸ்ரே எடுக்கறவங்க உடனே விடச் சொல்லிடுவாங்கடி. நீ நடுவுல போய் அடுப்புல பாலைப் பாத்துட்டு வந்து சொல்றே!

— டாக்டரம்மாவை எதிர்த்துப் பேசக் கூடாது. நாளைக்கு மெடிக்கல் டெஸ்ட்ல நிஜ டாக்டர்கிட்டயும் இப்படி வாய் காட்டினீங்கன்னா விசா வந்த மாதிரிதான். பொண்ணு வெளிநாட்டுல நமக்குன்னு ஒரு ரூமையே ஒழிச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கா.

— சரிங்க டாக்டரம்மா.

— அந்தச் செம்பைக் கீழ வைங்க. எத்தனை தடவை தண்ணி குடிப்பீங்க?

— நாளைக்கு அந்தச் சின்ன டப்பாவைக் கையில குடுக்கும்போது வராமப் போயிட்டா?

— நாளைக்குக் குடிச்சாப் போதும். இன்னிக்குக் குடிக்கறது இன்னிக்கே போயிடும். சரி, கேள்வி. குடிப்பழக்கம் உண்டா?

— நீ டாக்டரா கேக்கறியா, பொண்டாட்டியா கேக்கறியா?

— டாக்டரா.

— உண்டு... எப்பவாவது.

— எப்பவாவதுன்னா? எங்க? யார்கூட?

— பாத்தியா, இப்பப் பொண்டாட்டியா கேக்கறே!

— அதை அப்புறம் வெச்சுக்கறேன். அடுத்தது கண்ணு. அந்தக் காலண்டர்ல கடைசி வரி.

— ஊசியில நூல் கோக்கறவனுக்குக் கண்ணு டெஸ்ட்டா? டெய்லர்டி நான்.

— படிங்கன்னா.

— "மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்."

— "எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது"ன்னு போட்டிருக்கு.

— ...ரெண்டும் ஒரே கடைதானே.

— கண்ணாடியை மறக்காம எடுத்து வைக்கணும். சரி, உயரம். சாக்ஸைக் கழட்டிட்டுச் சுவத்துல ஒட்டி நில்லுங்க.

— எடை பாத்துடலாம் முதல்ல.

— எடை மிஷினுக்கு எங்க போறது? சுவரு இருக்கு, நில்லுங்க.

— சாக்ஸ் எதுக்கு?

— வெறுங்கால்லதான் நிக்க வைப்பாங்களாம்.

— தரை ஜில்லுன்னு இருக்குடி. சளி பிடிச்சா நாளைக்கு நெஞ்சுல என்னமோ இருக்குன்னு எழுதிடுவாங்க.

— வெயில் மண்டையைப் பிளக்குது... சளியாம்!

— மண்டைக்குத்தானே வெயில்? உள்ளங்காலுக்கு என்ன தெரியும்? முதல்ல நீ நில்லு. டேப் கழுத்துலயேதான் இருக்கு. நான் அளவெடுத்தா ஒரு நூல் பிசகாது.

— நானா?... பால் பொங்குது.

— அடுப்பை நீ எப்பவோ அணைச்சுட்டே.

— அப்ப... முட்டி வலிக்குதுங்க. நிமிர்ந்து நிக்க முடியலை.

— நாளைக்கு அங்க போய் முட்டியைப் பத்தி வாயே திறக்காதே. கேட்டா, ஓடி வந்தேன்னு சொல்லு.

— ஓடி வந்தா விசா குடுத்துடுவாங்களா? நீங்க உங்க பேன்ட்டைப் பாருங்க. தெருவைக் கூட்டுது. ஊருக்கெல்லாம் கச்சிதமாத் தைக்கிற மாஸ்டர், தனக்கு மட்டும் ரெண்டு விரல் கூட விட்டுக்குவார்.

— நீ மட்டும் என்னவாம்? பாவாடைக்கு நாப்பது இஞ்ச் போதும்னு டேப் சொல்லுது. நாப்பத்திரண்டு வைங்கன்னு ஒத்தக் கால்ல நிக்கறே. எனக்கே தொழில் மறந்துபோச்சோன்னு தோணுது.

— டேப்புக்கு என்ன தெரியும்...

— இதுல பொண்ணு ஒருத்தி, நெடுநெடுன்னு வளந்து நிக்கறா. அது எங்க வம்சம்.

— ஆமாமா. உங்க வம்சம்தான்.

— ஏன் அப்படிச் சிரிக்கறே?

— சிரிக்கலையே... இருமல்.

— இருமாதே! சரி, நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உள்ள போகணுமா என்ன? நீ போயிட்டு வா. நான் வெளிய பையைப் பாத்துக்கறேன்.

— நானும் அதையேதான் நினைச்சேன்! தனித்தனியாவே போயிடுவோம்.

— ...உனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

— பை பத்திரமா இருக்குமேன்னு.

— ம்... ஏய், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்க மாட்டியே?

— சக்கரை இருக்கா?

— இல்ல.

— ரத்தக் கொதிப்பா?

— இப்பதான் வர மாதிரி இருக்கு. பொண்ணு போன்ல என் உயரம் கேட்டா பாரு... நான் நூத்தி அறுபத்தெட்டுன்னு சொல்லி, அவளும் விசாவுக்கு அப்படியே குடுத்துட்டா.

— சரி.

— நான் அவ்வளவு கிடையாது.

— சரி.

— சாக்ஸுக்குள்ள... கோட்டுக்குத் தோள்ல வைக்கிற பஞ்சு இருக்கு. அடுக்கடுக்கா. உன்னைப் பாக்க வந்த அன்னிக்கு, செருப்பை வாசல்ல விட்டுட்டு வரணுமேன்னு தைச்சேன். அப்புறம் கழட்ட வழியில்லாமப் போச்சு.

— சரி.

— என்னடி சரி, சரின்னு! நாளைக்கு வெறுங்கால்ல நின்னதும் பொய் சொல்லியிருக்கான்னு விசாவை நிறுத்திட்டா? பொண்ணு மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை எனக்கு.

— ஏங்க, இத்தனை வருஷமா உங்க சாக்ஸைத் துவைக்கிறது யாரு? சொல்லுங்க மாஸ்டர்.

— லைனிங் குடுத்து வெளிய தெரியாமத்தானே தைச்சேன்...

— கொடியில கிடந்தா, நனைஞ்ச கோழிக்குஞ்சு மாதிரி தொங்குது. மழைக்காலத்துல காயவே காயாது. பிரிச்சு, பஞ்சைத் தனியா எடுத்து, இஸ்திரி போட்டு, நீங்க வரதுக்குள்ள மறுபடி தைச்சு வைப்பேன். ஒரு தடவை இடது பக்கம் நசுங்கிப்போய் நீங்க நொண்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களே...

— அது சுளுக்கு. தானா சரியாயிடுச்சு.

— தானாவா? புதுப் பஞ்சு மாத்தினது நானு.

— அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— நெஞ்சை நிமித்திக்கிட்டு நடப்பீங்க. பாக்க நல்லாருக்கும். எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.

— விசா?

— இன்னிக்கே பொண்ணுக்குப் போன் போடுவோம். அப்பா டெய்லர் பழக்கத்துல மடிப்புக்கும் சேத்துச் சொல்லிட்டாருன்னா சிரிச்சுக்கிட்டே திருத்திடப் போறா. இந்த ரெண்டு விரலுக்கா நிறுத்தப் போறாங்க?

— ஹப்பா... இப்பதான் மூச்சே வருது. இந்தா, கழட்டிட்டேன் பாரு. தரை நல்லாத்தான்டி இருக்கு! இனிமே என்ன, நாளைக்கு ரெண்டு பேரும் ஜோடியா உள்ள போவோம்.

— ...வேண்டாங்க. தனித்தனியாவே போவோம்.

— இன்னும் என்ன தனித்தனி? வா இங்க. நான் கழட்டினேன்ல, நீயும் நில்லு. குதிகாலைச் சுவத்துல ஒட்டு.

— ஒட்டிட்டேன்.

— முதுகு?

— ஒட்டிட்டேன்.

— முட்டியை நிமித்து... நல்லா நிமித்துடி... ஆங்... இரு... ஏய், இரு, இரு! நீ பாட்டுக்கு எங்கடி மேல போய்க்கிட்டே இருக்கே?

— கோவிச்சுக்காதீங்க... அன்னிக்கு நீங்க எங்க வீட்டுக்கு வரும்போது ஜன்னல் வழியாப் பாத்தேன். பாத்ததுமே பிடிச்சுப்போச்சு. ஆனா அந்தப் பஞ்சு வெச்சும் என் உயரத்துக்குப் பத்தலைங்க. அன்னிக்குச் சேலைக்குள்ள மடக்கின முட்டி, இன்னிக்குத்தான் நிமிருது... பாருங்க, நாப்பத்திரண்டும் பத்தலை. காலையில கிளம்பறதுக்குள்ள இந்தப் பாவாடையை இன்னும் ஒரு இஞ்ச் இறக்கி விட்டுடுங்க மாஸ்டர்.