உங்களோட வந்த பெடியன்

பின்னேரம் நாலே முக்கால். இரண்டு பக்கமும் மரவேலி, நடுவில கிறவல் ரோட்டு. காரை உள்ள விடமாட்டாங்கள். கேதீஸ்வரன் தனிய நடந்து போனார்...

என்ர கூட்டாளி மகாதேவன்ர மச்சான்தான் இந்தக் கேதீஸ்வரன். சிட்னியில, ஸ்ட்ராத்ஃபீல்டில இருக்கிறார். போன வருசம் மகளைப் பாக்க அமெரிக்கா போனவர். அங்க நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி உள்நாட்டுச் சண்டை முடிஞ்ச ஒரு கிராமத்தை அப்பிடியே வைச்சிருக்கிறாங்கள். தோத்தவனுக்கு வெண்டவன் விடுதலைத் துண்டு அச்சடிச்சுக் குடுத்து, வீட்ட போ எண்டு விட்டவனாம். எழுதி வைச்சிருக்கு. எழுதுறவன் என்னவும் எழுதுவான், நான் நம்பேல்லை. கேதீஸ்வரன் நம்பினார். நம்பினபடியால்தான் அந்தத் துண்டு அடிச்ச வீட்டையும் பாக்க நடந்தார்.

என்ன ராகவி, கதை கேக்கிற உனக்குச் சிரிப்போ? சிரி, சிரி.

இரண்டாயிரத்து ஒன்பது, வைகாசி. வட்டுவாகல் பாலம், கீழ உப்புத்தண்ணி; ஊரில சண்டை முடிஞ்சு சனம் ஆமியிட்டப் போகுது. கேதீஸ்வரன்ர தங்கச்சி நேசமலர் வவுனியாவில அகப்பட்டிட்டா. அவவின்ர மகன் துஷாந்த் மாமாவோட. பத்தொன்பது வயது, காலில காயம், மாமாவின்ர தோளில கை. ஆமிக்காரன் கேட்டான், "உன்ர ஆளோ?"

"தெரியாது" எண்டார் கேதீஸ்வரன்.

பெடியன் கையை எடுத்தான். ஆமி அவனைத் தனியக் கொண்டு போச்சு. அவ்வளவுதான்.

தங்கச்சி இப்ப சிட்னியிலதான், வெஸ்ட்மீட்டில. ஒவ்வொரு வைகாசியும் கேப்பா, "அண்ணை, துஷாந்தைக் கடைசியா எங்க கண்டனீங்கள்?" சனத்துக்குள்ள துலைஞ்சு போனான் எண்டுதான் இவர் சொல்லுறது.

அந்த அமெரிக்கக் கிராமத்தில, துண்டு அடிச்ச வீடு. பழங்காலச் சட்டை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி திறப்போட நிண்டாள்.

"பூட்டப் போறம். மேல நிக்கிற பெடியன் உங்களோட வந்தவனோ?"

மேல பலகைத் தரை. டொக்... சர்ர்... டொக்... சர்ர்... ஒரு கால் ஊண்டுது, மற்றது இழுபடுது. சீழ் மணம். அதோட உப்புத்தண்ணி மணம். கிட்டடியில கடலே இல்லை.

ஓம் எண்டிருக்கலாம். கேட்டவள் ஒரு பொம்பிளை. கையில துவக்கும் இல்லை.

"இல்லை. நான் தனிய வந்தனான்" எண்டார்.

அவள் பூட்டினாள். சத்தம் படியால இறங்கி வந்து, கதவுக்கு உள்பக்கம் நிண்டுது. தட்டேல்லை. தட்டியிருந்தால் திறக்கச் சொல்லியிருப்பன் எண்டு பிறகு மகாதேவனிட்டச் சொன்னவராம். சொல்லுவார்... ஆர் கண்டது?

சிட்னிக்கு வந்த மற்றநாள் விடிய, நேசமலர்ர போன். சிரிக்கிறாவோ அழுகிறாவோ தெரியேல்லை.

"அண்ணை, துஷாந்த் போன் எடுத்திருக்கிறான்!"

"ஆரோ ஏமாத்திறாங்கள் பிள்ளை. வை போனை."

"மாமா என்னைத் தெரியாதெண்டு சொன்னவர், இரண்டுதரம் சொன்னவர் எண்டுறான்... ஏன் அண்ணை அப்பிடிச் சொல்லுறான்?"

கேதீஸ்வரன் போனை மற்றக் காதுக்கு மாத்தினார்.

"மற்ற லைனிலதான் நிக்கிறான். சேர்த்து விடுறன், நீங்களே கேளுங்கோ."

டிக் எண்டொரு சத்தம்.

பிறகு லைனில மூண்டு பேர்ர மூச்சுக் கேட்டுதாம்.