உள்ளங்கால் குழி

பூதப்பாண்டி பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். கணுக்காலில் மாவுக்கட்டுப் பிரித்திருந்தவர் திடீரென்று சொன்னார்:

"இத்தன நாளும் தப்பான தசைக்குல்லா வேல குடுத்திருக்கேன்ட்டி."

"என்னட்டி சொல்லுக?"

"கட்டுப் பிரிச்சதுலேந்து, காலுக்குப் பலம் வரட்டும்னு கால்விரலால புளியங்கொட்டையப் பொறுக்கிப் பழகுனேன். அது கெண்டைக்கால் தசை இழுக்குத வேலையாம். உள்ளங்காலுக்குள்ளயே சின்னச்சின்ன தசை உண்டாம். விரல மடக்காம பாதத்தக் குழிச்சாத்தான் அது உழைக்குமாம்."

"உனக்குக் குழியுதா?"

"இன்னைக்குத்தான் குழிஞ்சுது. பயிற்சி சொல்லித்தார டாக்டரம்மா அந்தக் குழிக்குள்ள விரல விட்டுப் பாத்துச் சிரிச்சா."

தோழி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார்.

"அப்போ கன்னிப்பூ நெல்லு நடவுக்கு வாறியா? நாத்துக்கட்டோட வரப்புல நடக்கணும். வழுக்குமே மக்கா."

"வழுக்கட்டும். பிடிச்சு நிறுத்த ஆளு உள்ளங்காலுக்குள்ளயே இருக்கு."